1860: வில்சன் போட்ட வரியும் மெட்ராஸ் சொன்ன மறுப்பும்

ஜூலை 24, காலை 8.15 (வாசகர் கேள்வி)

இன்றைக்கு வருமான வரி தினம். 1860-இல் இதே நாளில்தான் இந்தியாவில் வருமான வரி நடைமுறைக்கு வந்தது. கம்பெனி ஆட்சி போய் ராணியின் ஆட்சி வந்ததும், குலைந்து கிடந்த கஜானாவைச் சீர்செய்ய ஜேம்ஸ் வில்சன் லண்டனிலிருந்து வந்தார். முதல் பட்ஜெட் போட்டார், காகிதப் பணத்துக்குத் திட்டம் தந்தார். மெட்ராஸ் கவர்னர் சார்லஸ் ட்ரெவலியன் மட்டும் முரண்டு பிடித்துப் பதவியை இழந்தார். கடனில் முழுகிய அரசு வரி போடாமல் வேறு என்ன செய்யும்? ட்ரெவலியன் செய்தது பொறுப்பில்லாத வேலை என்பது என் கருத்து. மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

ஜூலை 24, இரவு 9.40

மறுப்பு இருக்கிறது. கொங்குப் பக்கம் தறிக்கார ஊர் ஒன்றின் நகராட்சியில் 31 வருடம் பில் கலெக்டராக இருந்தவன் நான். வரி என்பதை வாசற்படியில் நின்று பார்த்தவன். அந்த இடத்திலிருந்துதான் எனக்கு வில்சனின் திட்டம் புரிகிறது.

ஆண்டு வருமானம் 200 ரூபாய்க்குக் குறையாமல் 500-ஐத் தொடாமல் இருந்தால் 2 சதவீதம். 500-உம் அதற்கு மேலும் என்றால் 4 சதவீதம். அந்த 4-இல் ஒரு சதவீதம் சாலை, கால்வாய் மாதிரி உள்ளூர் வேலைகளுக்கு என்று ஒதுக்கினார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் 200 ரூபாயை மாதக் கணக்காக்கிப் பாருங்கள்: 16 ரூபாய் 10 அணா 8 பை (ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை). அதற்கு வருட வரி 4 ரூபாய், அதாவது ஒரு வாரச் சம்பாத்தியம். 499 ரூபாய் சம்பாதித்தால் ஏறக்குறைய 10 ரூபாய் கட்ட வேண்டும், 500 ஆகிவிட்டால் 20 ரூபாய். ஒரு ரூபாய் கூடச் சம்பாதித்தவன் தலையில் 10 ரூபாய் ஏறுகிறது. இப்படி ஒரு கோடு போட்டால் என்ன நடக்கும் என்று எந்த ஊர் பில் கலெக்டரைக் கேட்டாலும் சொல்வார். எல்லாருடைய வருமானமும் கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழேயே நிற்கும்.

ஏப்ரல் 7, 1860 அன்று வில்சன் பட்ஜெட் படித்தபோது இதையெல்லாம் சொல்ல அந்த அவையில் ஒரு இந்தியர்கூட இல்லை. மெட்ராஸிலிருந்து ஒரு வெள்ளைக்கார கவர்னராவது சொன்னாரே என்றுதான் எனக்குத் தோன்றும்.

ஜூலை 25, காலை 6.50

முதலில் ஒரு திருத்தம். நேற்று ஏப்ரல் 7 என்று எழுதியது தவறு. பொது அறிவுப் புத்தகங்களில் எல்லாம் அந்தத் தேதி இருக்கிறது, நானும் தேர்வுக்கு அப்படித்தான் மனப்பாடம் செய்தேன். வில்சன் கல்கத்தாவில் சட்ட மன்றத்தின் முன் நிதி அறிக்கையை வைத்தது 1860 பிப்ரவரி 18. இரவு படுத்த பிறகுதான் உறைத்தது: ட்ரெவலியனின் எதிர்ப்புக் குறிப்பு மார்ச் மாதமே வந்துவிட்டது. ஏப்ரலில் படித்த பட்ஜெட்டுக்கு மார்ச்சில் எப்படி மறுப்பு வரும்?

ஜூலை 25, இரவு 10.05

இன்று கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன். கேள்வி கேட்டவர் "கடனில் முழுகிய அரசு" என்கிறார். அந்தக் கடன் யாருடையது?

1857 எழுச்சியை அடக்கப் பெரும்பணம் செலவானது. இந்தியாவின் கடன் ஏறத்தாழ 3 கோடியே 80 லட்சம் பவுண்டு கூடியது, அதாவது அன்றைய கணக்கில் 38 கோடி ரூபாய். படை அனுப்பியதும் இங்கிலாந்து, ஆட்சியை எடுத்துக்கொண்டதும் இங்கிலாந்து. பில் மட்டும் இந்தியாவுக்கு வந்தது. இந்தச் செலவை நியாயப்படி இங்கிலாந்து மக்கள்தான் ஏற்க வேண்டும் என்று ஜான் பிரைட் அவர்கள் நாடாளுமன்றத்திலேயே சொன்னார். யாரும் காது கொடுக்கவில்லை.

இதற்கும் மேலே ஒன்று உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் பங்குதாரர்களுக்கு 1833 சட்டப்படி ஆண்டுக்கு பத்தரை சதவீதம் லாபப் பங்கு. 60 லட்சம் பவுண்டு மூலதனத்துக்கு வருடம் 6,30,000 பவுண்டு. இது போனது இந்திய வருவாயிலிருந்து. ஆட்சி கைமாறிய பிறகும் 1874 வரை போனது. வியாபாரமும் இல்லை, ஆட்சியும் இல்லை, பங்கு மட்டும் வந்துகொண்டே இருந்தது. ரயில்வே கம்பெனிகளுக்கோ 5 சதவீத வட்டி உத்தரவாதம், ரயில் ஓடினாலும் ஓடாவிட்டாலும்.

புதிய அரசின் சீர்திருத்தத் திட்டம் என்று வில்சன் கொண்டுவந்ததில் இந்த மூன்றையும் தொடும் வாக்கியம் ஒன்றுகூட இல்லை. சில இறக்குமதிப் பொருள்களுக்கு இருந்த 20 சதவீதத் தீர்வையை 10 ஆக்கினார், நூலுக்கு 5-லிருந்து 10 ஆக்கினார். அப்புறம் வருமான வரி, தொழில் செய்வோருக்கு லைசென்ஸ் வரி, உள்நாட்டுப் புகையிலைக்கு வரி என மூன்று யோசனைகள். இதில் நூல் தீர்வையின் கதி என்ன ஆனது பாருங்கள். இரண்டே வருடத்தில், 1862-இல், மூன்றரை சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. துணித் தீர்வை 5-க்கு வந்தது. மான்செஸ்டர் ஆலைக்காரர்களுக்கு லண்டனில் குரல் இருந்தது. 16 ரூபாய்க்காரனுக்கு எங்கே இருந்தது?

ஜூலை 26, மதியம் 1.20

"ட்ரெவலியன் சொன்ன மாற்று என்ன?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். செலவைக் குறை என்பதுதான், முக்கியமாகப் படைச் செலவை. மெட்ராஸ் ராணுவம் பெரும்பாலும் அமைதியாக இருந்தது, மெட்ராஸ் மாகாணத்தில் எழுச்சியும் இல்லை, ஆகவே இங்கே படையைக் குறைக்கலாம் என்றார். இந்த மக்களுக்குப் பழக்கமில்லாத நேர் வரியைப் போட்டால் கலகம் வரும் என்று பயந்தார்.

அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. வெறும் ஐந்து வருடம் முன்னால், 1855-இல், மெட்ராஸ் சித்திரவதைக் கமிஷனின் அறிக்கை வந்திருந்தது. நிலவரி வசூலிக்க இங்கே என்னவெல்லாம் செய்தார்கள் என்பது அதில் இருக்கிறது. கிட்டி என்பது இரண்டு கட்டைக்கு நடுவே விரல்களை வைத்து நெருக்குவது. அண்ணாந்தாள் என்பது ஆளைக் குனிய வைத்துக் கயிற்றால் கட்டி வெயிலில் நிறுத்துவது. செய்தவர்கள் கீழ்மட்டச் சேவகர்கள். கிஸ்தி வரவில்லை என்றால் தாசில்தார் கேட்பார், தாசில்தாரை கலெக்டர் கேட்பார். அந்த அழுத்தம் கடைசியில் ஒரு குடியானவனின் விரலில் வந்து முடிந்தது. இப்படி ஒரு வசூல் இயந்திரத்தின் கையில், "ஒவ்வொருவருடைய வருமானத்தையும் விசாரித்து மதிப்பிடு" என்று புதிதாக ஒரு அதிகாரத்தைக் கொடுத்தால் என்ன ஆகும்? ட்ரெவலியனை நான் மதிப்பது இந்த இடத்தில்.

இன்னொன்று, இங்கே தறிக்கும் செக்குக்கும் கடைக்கும் ஏற்கெனவே ஒரு பழைய தொழில் வரி இருந்தது. அதை எதிர்த்து காஜுலு லட்சுமிநரசு செட்டி அவர்கள் தொடங்கிய மெட்ராஸ் நேட்டிவ் அசோசியேஷன் 1852-லேயே லண்டன் நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பியது. ஆகவே கல்கத்தாவுக்குத்தான் இது புது யோசனை. எங்கள் பக்கத்து நெசவாளிக்கு இது பழைய வலி.

ஜூலை 26, இரவு 11.00

தூக்கம் வரவில்லை. அந்தத் தொழில் வரி பற்றி எழுதியதும் ஒரு முகம் ஞாபகம் வந்துவிட்டது.

பஸ் ஸ்டாண்டு பக்கம் டீக்கடை வைத்திருந்தார். அரையாண்டுத் தொழில் வரிக்கு நோட்டீஸ் கொடுக்கப் போனேன். அரை வருட வருமானம் எவ்வளவு என்று எழுதித் தரச் சொன்னேன். அவர் கல்லாவுக்கு அடியிலிருந்து நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்தார். பால்காரருக்கு எவ்வளவு, சர்க்கரை மூட்டைக்கு எவ்வளவு, தினத்தண்டல்காரருக்கு எவ்வளவு என்று எல்லாம் பென்சிலில் இருந்தது. வரவு என்று ஒரு பத்தி இல்லவே இல்லை. "காலையில் பாலுக்குக் கொடுத்தது போக ராத்திரி மிஞ்சினால் அரிசி வாங்குவேன் தம்பி. எனக்கே தெரியாத வருமானத்தை உங்களுக்கு எப்படி எழுதித் தரட்டும்?" என்றார். நான் பக்கத்துக் கடையைப் பார்த்து ஒரு தொகையைப் போட்டேன். எல்லாரும் அப்படித்தான் செய்தோம். அவர் மறுக்காமல் கட்டினார்.

அதே தெருவில் நாலு மாடி ஜவுளிக் கடை ஒன்று இருந்தது. அதன் மதிப்பீட்டை என் கைக்கு வராமலே மேலே முடித்தார்கள். யார், எப்படி என்று எழுதப் போவதில்லை.

1860-இல் மெட்ராஸில் எத்தனை பேரிடம் வரவுப் பத்தி இருந்திருக்கும்? சம்பளக்காரருக்கும் அரசுக் கடன் பத்திரம் வைத்திருந்தவருக்கும் வருமானம் தெரியும். மற்றவர்களுக்கு எல்லாம் பக்கத்துக் கடையைப் பார்த்துப் போட்ட தொகைதான்.

ஜூலை 27, காலை 7.30

வில்சனைப் பற்றி நான் ஒரு பக்கமாக எழுதுகிறேன் என்று ஒருவர் கோபப்பட்டிருக்கிறார். அவர் சொல்வதில் பாதி சரி. நேற்று இருந்த மனநிலையில் அப்படி ஆகிவிட்டது.

வில்சனின் இன்னொரு பாதி உண்மையிலேயே பெரிய வேலை. அதுவரை கம்பெனி கணக்கு என்பது வியாபாரிப் பேரேடு. செலவு நடந்து முடிந்த பிறகு எவ்வளவு ஆனது என்று தெரிந்துகொள்வார்கள். வருடத் தொடக்கத்திலேயே வரவு செலவை மதிப்பிட்டு, அந்த வரம்புக்குள் ஒவ்வொரு துறையும் நிற்க வேண்டும், படைச் செலவு உட்பட எல்லாவற்றையும் ஒருவர் தணிக்கை செய்ய வேண்டும் என்ற முறை வில்சன் ஊன்றியது. 1860 நவம்பரில் எட்மண்ட் டிரம்மண்ட் முதல் ஆடிட்டர் ஜெனரலாகப் பொறுப்பேற்றார். இன்றைய சிஏஜி, அதாவது நாட்டின் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் வரைக்கும் அந்தக் கோடு வருகிறது.

தணிக்கையின் அருமை எனக்குத் தெரியும். ஒருமுறை எங்கள் ரொக்கப் புத்தகத்தில் ரசீது எண் 412-க்கு அடுத்து 414 இருந்தது. தொகை வெறும் 36 ரூபாய். ஆடிட்டுக்கு வந்தவர் அந்த ஒரு ரசீதுக்காக மூன்று நாள் உட்கார்ந்தார். நான் மனதுக்குள் திட்டினேன். கடைசியில் ரசீது பழைய பைலின் அட்டைக்குள் செருகிக் கிடந்தது, பணமும் பேங்கில் கட்டியிருந்தது. ஆனால் அந்த மூன்று நாளுக்குப் பிறகு எங்கள் ஆபீசில் யாரும் ரசீதுப் புத்தகத்தை மேசையில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகவில்லை. அப்படி ஒரு பழக்கத்தை ஒரு துணைக்கண்டத்துக்கே கொண்டுவர நினைத்தவர் வில்சன். அதற்கு நான் தலை வணங்குகிறேன்.

ஜூலை 27, இரவு 8.45

வில்சனின் காகிதப் பணத் திட்டம் என்ன ஆனது என்று ஒருவர் கேட்டதற்குச் சுருக்கமாக. வில்சன் யோசனை தந்தார், அவருக்குப் பின் வந்த சாமுவேல் லேயிங் காலத்தில் சில மாற்றங்களோடு 1861-இல் சட்டமானது. அதுவரை பேங்க் ஆஃப் பெங்கால், பம்பாய், மெட்ராஸ் மூன்றும் தாங்களே நோட்டு அடித்தன. அந்த உரிமை போய் அரசு மட்டுமே நோட்டு வெளியிட்டது. தொடக்கத்தில் 10 ரூபாய்தான் மிகச் சின்ன நோட்டு. மாதம் 16 ரூபாய்க்காரன் அதை மாற்றக் கடை தேட வேண்டும். மெட்ராஸ் வட்டத்து நோட்டு மெட்ராஸ் வட்டத்தில்தான் சட்டப்படி செல்லும் என்பது வேறு.

ஜூலை 28, மாலை 6.15

ஒரு வருத்தமான விஷயம். 1859 நவம்பர் கடைசியில் கல்கத்தாவில் கால் வைத்த வில்சன் 1860 ஆகஸ்ட் 11-இல் சீதபேதியில் இறந்துபோனார். மொத்தம் எட்டரை மாதம். வருமான வரி நடைமுறைக்கு வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. துணி ஆலைக் குடும்பத்தில் பிறந்து, தொப்பி செய்யும் தொழிலில் இருந்து, தானே படித்து முன்னேறி, லண்டன் கருவூலத்தில் பெரிய பொறுப்பில் இருந்துவிட்டு, 54 வயதில் கடல் தாண்டி வந்த மனிதர். கல்கத்தாக் கல்லறையில் கிடந்த அவர் சமாதியைப் பல காலம் யாரும் கவனிக்கவில்லை. 2007-இல் ஒரு வருமான வரி அதிகாரிதான் தேடிக் கண்டுபிடித்தார் என்று படித்தபோது மனசு கனத்தது.

இங்கே மெட்ராஸிலும் அந்த ஆகஸ்டில் ஒரு சாவு. ட்ரெவலியனைத் திரும்ப அழைத்துக்கொண்டு, இலங்கை கவர்னராக இருந்த ஹென்றி வார்டை இங்கே போட்டார்கள். வந்து சில வாரத்திலேயே, ஆகஸ்ட் 2-இல், காலராவில் போய்விட்டார்.

ஜூலை 29, இரவு 9.20

மூன்று நாள் முன்னால் ட்ரெவலியனை மதிக்கிறேன் என்று எழுதினேன். அதைப் பற்றி இரண்டு நாளாக மனதில் ஓடுகிறது.

வில்சனும் ட்ரெவலியனும் லண்டனில் ஒரே கருவூலத்தில் வேலை பார்த்தவர்கள். ட்ரெவலியன் அங்கே 1840 முதல் 1859 வரை நிரந்தர அதிகாரி. அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பத்து லட்சம் பேர் செத்த அந்தப் பஞ்ச வருடங்களில் நிவாரணப் பணத்தின் சாவி இவர் கையில் இருந்தது. சந்தை தானாகச் சரிசெய்யும், அரசு தலையிட்டால் மக்கள் சோம்பேறி ஆவார்கள் என்று இறுக்கிப் பிடித்தவர். "செலவைக் குறை" என்று மெட்ராஸில் சொன்ன அதே வாய்தான். அங்கே குறைத்தது பசித்தவனின் கஞ்சியை.

ஆகவே என் முதல் பதிவில் இருந்த மரியாதையை அளந்து வைக்க வேண்டியிருக்கிறது. 1860-இல் அந்த வரியைப் பற்றி அவர் சொன்னது சரி. ஏழை மேல் இரக்கப்பட்டுச் சொன்னார் என்று நான் நினைத்துக்கொண்டது என் ஆசை. கலகம் வந்தால் படைச் செலவு ஏறும் என்ற கணக்கும் அதில் உண்டு. பதவி போனது எதிர்த்ததற்காக அல்ல, அரசுக்குள் இருக்க வேண்டிய குறிப்பைப் பத்திரிகைக்குக் கொடுத்ததற்காக. அவருடைய கவுன்சில் உறுப்பினர்களும் எதிர்த்தார்கள், அவர்கள் பதவி போகவில்லை.

ஆனாலும், அந்தக் குறிப்பு பத்திரிகையில் வராமல் இருந்திருந்தால் மெட்ராஸில் ஒருவருக்கும் இப்படி ஒரு வாதம் நடப்பதே தெரிந்திருக்காது. அதை நான் குற்றமாக நினைக்கவில்லை.

ஜூலை 30, காலை 6.40

கதையின் மிச்சம். 1862-இல் லேயிங் 500 ரூபாய்க்குக் கீழே இருந்தவர்களை விட்டுவிட்டார். வரி கட்டியவர்களில் பெரும்பகுதி அவர்கள்தான், வந்த பணமோ கொஞ்சம். வசூல் செய்தவனுக்கு முதல் மாதத்திலேயே தெரிந்திருக்கும், அரசுக்குத் தெரிய இரண்டு வருடம். அப்புறம் அதே ட்ரெவலியன் 1863-இல் இந்தியாவின் நிதி உறுப்பினராக, அதாவது வில்சன் இருந்த அதே பதவிக்கு, கல்கத்தாவுக்கு வந்தார். 4 சதவீதத்தை 3 ஆக்கினார். 1865-இல் ஐந்து வருடக் கெடு முடிந்ததும் வரியை அப்படியே விட்டுவிட்டார். திரும்ப லைசென்ஸ் வரி, மறுபடி வருமான வரி என்று போட்டும் எடுத்தும் கடைசியில் 1886-இல்தான் அது நிலைத்தது. அந்தச் சட்டத்தில் விவசாய வருமானத்துக்கு விலக்கு. 1860-இல் அதுவும் வரிக்குள்தான் இருந்தது.

ஜூலை 30, இரவு 10.30

"வரி கெட்டது என்றால் நீங்கள் 31 வருடம் ஏன் வசூலித்தீர்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நேரான கேள்வி. வரி கெட்டது என்று நான் எங்கும் சொல்லவில்லை. குடிநீர்க் குழாயும் தெருவிளக்கும் அந்தப் பணத்தில்தான் வந்தன. கேட்காமல் போட்ட வரிதான் என் புகார்.

1861 இந்தியக் கவுன்சில் சட்டத்துக்குப் பிறகு பட்டியாலா மகாராஜா, காசி ராஜா, குவாலியர் திவானாக இருந்த தினகர் ராவ் என்று மூன்று இந்தியர்களை மன்றத்தில் உட்கார வைத்தார்கள். பட்ஜெட்டைப் பற்றிப் பேசும் உரிமை மட்டும் 1892 வரை இல்லை. அதற்குப் பிறகும் பேசலாம், ஓட்டுப் போட முடியாது.

தமிழ்நாட்டில் 1991-க்கும் 1996-க்கும் நடுவே உள்ளாட்சிகளில் தேர்ந்தெடுத்த மன்றம் இல்லை, தனி அலுவலர்தான். 1993-இல் சொத்து வரியைத் திருத்தினார்கள். எங்கள் ஊரில் ஒரு கையெழுத்தில் முடிந்தது. நான் நோட்டீஸ் கட்டுகளைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு போனேன், வாசலில் நின்று ஏச்சு வாங்கினேன். 1998-இல் மறுபடி திருத்தம் வந்தபோது கவுன்சிலர்கள் இருந்தார்கள். கூட்டம் காலை 11 மணிக்குத் தொடங்கி மதியம் இரண்டு வரை போனது. கத்தினார்கள், மைக்கைப் பிடுங்கினார்கள். ஓட்டு வீட்டுக்கு இவ்வளவா, ஒற்றைத் தறி வைத்திருப்பவனுக்கு இவ்வளவா என்று ஒரு பெண் கவுன்சிலர் வீட்டு எண்ணைச் சொல்லிச் சொல்லிக் கேட்டார். நான் ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்து அவர் சொன்ன எண்களைக் குறித்துக்கொண்டிருந்தேன்.

திரும்பிப் பார்த்தால் கதவுக்கு வெளியே அந்த டீக்கடைக்காரர் நின்றிருந்தார். ஆபீசுக்கு டீ கொண்டுவந்தவர், தூக்குப்போணியைக் கீழே வைத்துவிட்டு, கூட்டம் முடியும் வரை அப்படியே கேட்டுக்கொண்டு நின்றார். டீ ஆறிப்போயிருந்தது. யாரும் காசு குறைக்கவில்லை.